நூறு புள்ளி ஓர் அங்குலம்

ஹார்கோம் தபால் நிலையத்தை மூடுகிற வாரத்தில்
மழைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற
என்னை அனுப்பினார்கள்.
பதினோரு புத்தகங்கள். செல்லரித்த முதுகுகள்.
உள்ளே, தினம் காலை ஒன்பது மணிக்கு
வானம் என்ன கொடுத்தது என்ற கணக்கு.

முதல் பக்கம் 1879.
அன்று ஊரின் பெயர் க்ளைன்பாக்.
ஜெர்மன் மொழியில் சிற்றோடை.
ஓடை எதுவும் இங்கே கிடையாது.
கப்பலேறும் முன் அவர்கள் இருந்த ஊரில்
ஒன்று ஓடியதாம்.

அதற்கும் முன்னால் ஒரு சர்வேயர் குதிரையில் வந்து
உப்புச்செடி தொடங்கும் இடம் பார்த்துக்
கோடு ஒன்று கிழித்துவிட்டுப் போயிருந்தார்:
இதற்கு வடக்கே கோதுமை விதைக்காதீர்கள்.
பிறகு சில வருஷம் கொட்டித் தீர்த்தது.
கோட்டை யார் மதித்தார்கள்?
ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று
பிரசங்க மேடையிலேயே சொன்னார்கள்.
கோட்டுக்கு வடக்கே பதினேழு மைலில்
தேவாலயத்துக்கு அடிக்கல் நட்டார்கள்.

எழுதியவள் எர்ட்மூடே நோவாக்,
போஸ்ட்மாஸ்டரின் மனைவி, பிறகு விதவை,
பிறகு அவளே போஸ்ட்மாஸ்டர்.
ஏழு எழுதினால் அதன் இடுப்பில்
சின்னதாய் ஒரு குறுக்குக்கோடு போடுவாள்,
அவள் ஊர் வழக்கம்.

1882 ஆகஸ்ட்: 4. 0. 0. 0. 0.
குறிப்பு: செம்புழுதி. பகலிலே விளக்கு.
0. ஷீமான் குடும்பம் போய்விட்டது.
0. லிண்ட்னர் குடும்பமும். பியானோ வண்டியில் ஏறவில்லை.

(பியானோ இன்னும் ஊர் மண்டபத்தில் இருக்கிறது.
மேலே தீயணைப்புப் படையின் கோப்பைகள்.)

1883 மார்ச் 9:
ஊற்றுக்கு வேலி போட்டாயிற்று.
அங்கே இருந்தவர்கள் அகற்றப்பட்டார்கள்.
மழை இல்லை.
மூன்று வாக்கியமும் ஒரே மையில், ஒரே அளவில்.
என் கணினியில்
மூன்றாவதற்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.

பிறகு ரயில் வந்தது, முயல்கள் வந்தன,
முயல்களைத் தடுக்கக் கம்பிவலை வந்தது,
வலைக்கு இந்தப் பக்கமும் முயல்கள்.

1917இல் போர்.
எதிரியின் பெயர் ஊருக்கு எதற்கு என்று
ஒரு கடிதம், ஒரு ரப்பர் முத்திரை:
இனி ஹார்கோம்.
ஹார்கோம் என்பவர் யார் என்று
எந்தப் புத்தகத்திலும் இல்லை.
அந்த மாதத்திலிருந்து
ஏழின் குறுக்குக்கோட்டைக் காணோம்.
அதே கை, அதே சாய்வு,
ஏழு மட்டும் மழித்த முகத்தோடு நிற்கிறது.
நான்கு வருஷம் ஒரு நாள்கூட அவள் தவறவில்லை.
தேடிப் பார்த்தேன்.

1921 ஜூலை 3.
இரவெல்லாம் பெய்திருக்கிறது.
தொட்டிகள் வழிந்தன, தபால் பை நனைந்தது என்று
எழுத்து ஓடுகிறது, மை சிதறியிருக்கிறது,
177 புள்ளி.
இரண்டு ஏழிலும் குறுக்குக்கோடு.

அதற்குப் பிறகு வேறு கைகள்.
1974இல் புள்ளிகள் மில்லிமீட்டர் ஆயின.
வங்கி போனது. தண்டவாளத்தைக் கழற்றி
யாரோ ஆட்டுப்பட்டிக்குத் தூணாக்கினார்கள்.

இப்போது மழைமானியைப் பார்ப்பவள் ஷெரிலின் கார்பெட்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்;
பிள்ளைகள் நாலு பேர்.
ஊற்றில் இருந்தவர்கள் அவள் ஆட்கள்.
அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.
இரண்டு தரம் படித்தாள்.
"கட்டம் இல்லையென்றால் ஒன்று போடு.
கணினிதானே?"

போட்டேன்.
தலைப்பு என்ன கொடுப்பது?
மூன்று தரம் அடித்தேன், மூன்று தரம் அழித்தேன்.
காலியாகவே விட்டிருக்கிறேன்.

வெளியே அவள் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
"பூஜ்யம் புள்ளி நாலு. எழுதிக்கொள்.
அதிலே ஒரு எறும்பு செத்துக் கிடக்கிறது.
அதையும் எழுது."